பதாக் வரை

காப்பீட்டு நிறுவனத்தில்
கோரிக்கைகளைத் திருப்பி அனுப்புவது என் வேலை.
பதினாறு வருடம்.
ஒரு காற்புள்ளியில் ஒரு குடும்பத்தின் பணம்
நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.
நிறுத்தியவளும் நான்தான்.

ஆனால் பிஸ்கட் டப்பாவுக்கு அடியில்
நான்கு வருடமாய்க் கிடக்கும்
இந்த ஒப்பந்தத்தில்
கையெழுத்திட வேண்டிய இடத்தைத் தவிர
வேறெதையும் படித்ததில்லை.

ஃப்ளோர்டெலிசா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.
மீன் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி:
மேடம், இந்த முறையாவது ஊருக்குப் போகவா?
போன முறை புதுப்பித்தபோது
ஹோ-யின்னுக்குப் பள்ளி நேர்காணல்.
அதனால் தள்ளிப்போட்டோம்.
போட்டோம் என்கிறேன்.
தள்ளியது நான்.

அன்றிரவே சீட்டு எடுத்தேன்.
மணிலா. விடியற்காலை மூன்று மணிக்கு இறங்கும்.
இருப்பதிலேயே மலிவு. ஏழு கிலோ.
அவள் இரண்டு முறை நன்றி சொன்னாள்,
எனக்கு மனசு லேசாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எடை பார்த்தோம்.
பையோடு ஒரு முறை ஏறினாள்,
பையை இறக்கிவிட்டு ஒரு முறை.
கழித்தால் பதினொன்றரை.
எடுத்து வைத்தாள்: சோப்புகள், இறைச்சி டப்பாக்கள்,
அக்காவுக்கு வாங்கிய குடை.
மகனுக்கு இரண்டு ஜோடிக் காலணி,
ஒரே நிறம், ஒரே மாதிரி.
நாற்பதா நாற்பத்தொன்றா தெரியாது, மேடம்.
அதனால் இரண்டும்.

ஹோ-யின்தான் கேட்டாள்,
மணிலாவில் இறங்கினால் உன் வீடு தெரியுமா?
ஃப்ளோர்டெலிசா சிரித்தாள்.
அங்கிருந்து பஸ், பன்னிரண்டு மணி நேரம்.
மழை என்றால் கூடுதல்.
டிக்கெட் நானே வாங்கிக்கொள்வேன்.

அந்த "நானே"
இரவெல்லாம் என்னைத் தூங்க விடவில்லை.
டப்பாவைத் தூக்கிவிட்டு
ஒப்பந்தத்தை எடுத்து, அலுவலகத்தில் படிப்பதுபோல்
பென்சிலோடு படித்தேன்.
விடுப்பை ஒரு வருடத்துக்கு மேல் தள்ளக் கூடாதாம்.
பயணச் செலவு முதலாளியுடையதாம்,
சொந்த ஊர் வரை.
விமான நிலையம் வரை என்று இல்லை.
சொந்த ஊர் எதுவென்று
அவள் கையெழுத்தில், கட்டை எழுத்தில், முதல் பக்கத்திலேயே:
பதாக், வடக்கு இலோகோஸ்.

விலக்குகளைத் தேடினேன்.
பழக்கம்.
அடிக்குறிப்பு, பின்னிணைப்பு, மறுபக்கம் வரை தேடினேன்.
என் மேசைக்கு வந்த எந்தக் கோரிக்கையும்
இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

மலிவுச் சீட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது.
கிடைக்கவும் இல்லை.
புதியது லாவோக் வரை, இருபது கிலோ.
அங்கிருந்து பதாக் போக வண்டிக் காசு,
வழிச் சாப்பாட்டுப் படி, விடுப்பு நாட்களின் சம்பளம்,
ஒரே உறையில் போட்டுக் கொடுத்தேன்.
உறையைத் திறக்காமல் கேட்டாள்:
இதைச் சம்பளத்தில் பிடிப்பீர்களா, மேடம்?

இல்லை என்று சொல்ல
எனக்கு இவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது.

அவள் போன ஆறாம் நாள்
சமையலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டது.
கம்பி எங்கே என்று தட்டச்சு செய்தேன்,
நேரம் பார்த்தேன், அழித்தேன்.
பக்கத்து வீட்டுத் திருமதி லாவ் சொன்னார்:
அனுப்பினால் திரும்பி வராது பார்.
வராவிட்டால் வராது என்றேன்,
பயத்தை மறைக்கத்தான்.

எட்டாம் நாள் ஒரு புகைப்படம் வந்தது.
மீசை அரும்பிய பையன், வெறுங்கால்.
கீழே: இரண்டும் சேரவில்லை, மேடம். நாற்பத்து மூன்று.

அன்று ஹோ-யின் தனியாகப் படுக்க மாட்டேன் என்றாள்.
கீழ்த்தட்டில், அவள் படுக்கையில்
நான் படுத்துக்கொண்டேன்.
நான்கு வருடத்தில் முதல் முறை.
காலை நீட்டினேன், அலமாரி இடித்தது.
ஒருக்களித்தேன், முழங்கால் இடித்தது.

அவளைவிட நான்
நான்கு விரல் குட்டை.